ஆல்சன் வீடு: சிதைந்துகொண்டிருக்கும் பண்ணை வீட்டை ஓவியர் ஏன் வரைகிறார்?

நீங்கள் ஒரே மூச்சில் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ வையத் வரைந்த அந்தப் பழைய பண்ணை வீட்டைப் பார்த்தால் புகைப்படம் போலவே இருக்கிறதே, கேமராவால் முடிகிற வேலையை எதற்கு மாதக்கணக்கில் வரைய வேண்டும் என்பது முதல் கேள்வி. வசதி இல்லாதவர்களின் வீடு இற்றுப்போவதை அழகாக வரைந்து மற்றவர்கள் ரசிப்பது சரியா என்பது இரண்டாவது. ஊரில் பூட்டிக் கிடக்கும் தாத்தா வீட்டை வரைய ஆசை, எங்கே தொடங்குவது என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும் உங்களைக் கேட்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். தாத்தா வீட்டின் இன்றைய கோலத்தைத் தாளில் கொண்டுவந்தால் அது அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்குமா என்ற தயக்கம் உங்களுக்குள் இருக்கிறது. அந்தத் தயக்கம் நல்லது. அதை மனதில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

நான் ஓவியக் கல்லூரியில் வண்ணப்பொருள், செய்முறை சார்ந்த பாடங்களைப் பல ஆண்டுகள் நடத்தியவன். வையத் பயன்படுத்திய முட்டை டெம்பராவில், அதாவது முட்டை மஞ்சள் கருவில் குழைக்கும் வண்ணத்தில், இன்றும் வரைகிறேன். ஆகவே பலகை, வண்ணம், தூரிகை பற்றிச் சொல்வதை அனுபவத்தில் இருந்து உறுதியாகவே சொல்கிறேன். படத்தின் பொருள் என்று சொல்வதை என்னுடைய வாசிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வீட்டைப் பற்றி. அமெரிக்காவின் வடகிழக்கில், மெய்ன் மாநிலத்துக் கடற்கரையில் குஷிங் என்ற சிற்றூரில் அது இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஹாத்தார்ன் என்ற மாலுமிக் குடும்பம் கட்டியது. 1871-இல் கூரையைச் செங்குத்தாக உயர்த்தி மேலே இன்னொரு தளம் சேர்த்தார்கள். படங்களில் அந்த வீடு ஒல்லியாக, உயரமாக, வானத்தை முட்டுவது போல நிற்பதற்கு இதுதான் காரணம். பின்னர் அந்தக் குடும்பத்துப் பெண்ணை ஜான் ஆல்சன் என்ற ஸ்வீடன் நாட்டு மாலுமி மணந்துகொண்டார். அவர்களுடைய பிள்ளைகளில் கிறிஸ்டினாவும் ஆல்வரோவும் திருமணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்தார்கள். கிறிஸ்டினாவுக்குக் கால்கள் மெல்ல மெல்லச் செயலிழந்தன. சக்கர நாற்காலியை அவர் ஏற்கவில்லை. வீட்டுக்குள்ளும் வயலிலும் கைகளை ஊன்றித் தரையில் ஊர்ந்தே நடமாடினார். ஆல்வரோ சிங்கி இறால் பிடித்தவர். வீட்டில் இருப்பவர்களைக் கவனிக்க ஆள் தேவைப்பட்டபோது கடல் தொழிலை விட்டுவிட்டுப் பண்ணையோடு நின்றுவிட்டார்.

1939-இல், தன்னுடைய 22-வது பிறந்தநாளன்று, வையத் பெட்சி ஜேம்ஸ் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். அன்றே பெட்சி அவரை ஆல்சன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள். ஆல்சன்களோ மாடியில் ஓர் அறையை வையத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். கோடைதோறும் வந்து, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அந்த வீட்டையும் அதில் இருந்த இரண்டு பேரையும் அவர் வரைந்துகொண்டே இருந்தார். வழிப்போக்கராக வந்து நல்ல காட்சி என்று நின்று வரைந்துவிட்டுப் போனவர் இல்லை அவர். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இது முக்கியம். பிறகு வருகிறேன்.

இப்போது புகைப்படம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 1948-இல் வரைந்த 'கிறிஸ்டினாஸ் வேர்ல்ட்' ஆக இருக்க வேண்டும்: காய்ந்த புல்வெளிச் சரிவு, இளஞ்சிவப்பு உடையில் முதுகு காட்டித் தரையில் கிடக்கும் ஒரு பெண், மேட்டின் உச்சியில் சாம்பல் நிற வீடு, சற்றுத் தள்ளிக் கொட்டகை. இந்தக் காட்சியை எந்தக் கேமராவாலும் எடுத்திருக்க முடியாது, ஏனென்றால் இப்படி ஓர் இடமே கிடையாது. உண்மையில் வீடும் கொட்டகையும் சேர்ந்தே இருந்தன. வையத் பிரித்து வைத்தார். நிலத்தின் அமைப்பையும் மாற்றினார். அந்தப் பெண்ணின் உடலுக்கு மாதிரியாக இருந்தது அப்போது இருபதுகளில் இருந்த பெட்சி. கிறிஸ்டினாவுக்கு அந்த வருடம் 55 வயது. மெலிந்த கைகள் கிறிஸ்டினாவுடையவை, முதுகு வேறொருவருடையது, நிலம் ஓவியர் கூட்டியும் குறைத்தும் செய்தது. ஒவ்வொரு புல்லும் தெரிகிற அளவுக்கு நுணுக்கமாக இருப்பதால் நம் கண் எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடுகிறது. பெரிய விஷயங்களில் துணிந்து மாற்றவும், சிறிய விஷயங்களில் அசையாத நம்பிக்கையை உண்டாக்கவும் வேண்டும் என்பது அவருடைய வழி.

அந்த நுணுக்கம் எங்கிருந்து வருகிறது என்றால், முட்டையில் இருந்து. முட்டையின் மஞ்சள் கருவை வெள்ளையில் இருந்து பிரித்து, உள்ளங்கையில் மாற்றி மாற்றி உருட்டி ஈரம் போக்கி, மேலே உள்ள மெல்லிய சவ்வைக் கிள்ளித் தூக்கி, உள்ளே இருப்பதை மட்டும் கிண்ணத்தில் வடிய விட வேண்டும். அதில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீரில் குழைத்த வண்ணப்பொடி. அவ்வளவுதான். முட்டை மஞ்சளாக இருக்கிறதே, வெள்ளை நிறம் கெட்டுப்போகாதா என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். கெடாது, அந்த மஞ்சள் சீக்கிரமே வெளுத்துவிடும். டெம்பராவின் குணம், தூரிகையை எடுத்த சில நொடிகளில் அது காய்ந்துவிடுவது. எண்ணெய் வண்ணத்தைப் போல ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழைத்துக் கலக்க முடியாது. மெல்லிய கோடுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு சுண்டுவிரல் அகல நிழலுக்கு அரை நாள் போய்விடும். தளமும் வளையக் கூடாது. சுண்ணத்தூளும் விலங்குப் பசையும் கலந்த ஜெசோவைப் பல பூச்சாகப் பூசித் தேய்த்து வழவழப்பாக்கிய பலகைதான் சரி. வையத்துக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய அக்காவின் கணவர், ஓவியர் பீட்டர் ஹர்ட்.

இந்த ஊடகத்தில் காய்ந்த புல்லையும் வெயில் தின்ற பலகையையும் வரைவது தனி அனுபவம். புல் என்பது கோடு; மரத்தின் ரேகையும் கோடு. டெம்பராவும் கோடுகளால் ஆனது. பசுமண், காவி, அம்பர் (கரும்பழுப்பு மண்) போன்ற மண்வண்ணங்கள் இதில் பளபளப்பில்லாமல், தூசி படிந்தது போல அமரும். வரைகிறவன் கை ஒவ்வொரு பலகையின் ஓட்டத்தையும் தொட்டுவந்தே தீர வேண்டும். ஒரே இழுப்பில் சாம்பலைப் பூசித் தப்பிக்க முடியாது. கேமரா ஒரு நொடியில் எடுப்பதை இவர் மாதக்கணக்கில் செய்தார் என்று கேட்டீர்கள் அல்லவா? அந்த மாதங்களில்தான் எதை விட வேண்டும், எதைத் தள்ளி வைக்க வேண்டும் என்ற முடிவுகள் நடந்தன. அவர் அந்தப் படத்தை வரைந்ததும் அந்த வீட்டின் மாடியறையில் இருந்துதான்.

சரி, சிதைவைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஆல்சன் வீட்டைப் பார்த்ததும் 'பாழடைந்த வீடு' என்று எழுதுகிறார்கள். அது பாழடைந்த வீடு இல்லை, ஆள் இருக்கிற வீடு. கிறிஸ்டினா தரையில் கிடக்கும் படத்தையே எடுத்துப் பாருங்கள். வீட்டின் மேல் ஏணி சாய்ந்திருக்கிறது. வண்டித் தடம் மேட்டில் ஏறிப்போகிறது. வீட்டைச் சுற்றிப் புல் அறுத்த இடத்துக்கும் அறுக்காத இடத்துக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரிகிறது. யாரோ இன்னும் வேலை செய்கிறார்கள், ஆனால் எல்லா வேலையையும் செய்ய முடியவில்லை. வயதாகிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர், நடக்க முடியாத ஒரு பெண்மணி, பெரிய வீடு, கடலோரக் காற்று. சுவருக்கு வண்ணம் அடிப்பதா, குளிருக்கு விறகு பிளப்பதா என்றால் விறகுதான் முதலில். அந்தச் சாம்பல் சுவரில் தெரிவது இந்தக் கணக்கு.

மரம் எப்படிச் சாம்பலாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வரைகிறவருக்கு இது பயன்படும். சூரியனின் புற ஊதாக் கதிர் மரத்தின் மேல்தோலில் உள்ள லிக்னின் என்ற ஒட்டுப்பொருளைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிச்சம் இருக்கும் நார் வெளுத்து, மேலே நுண்பூஞ்சையும் படிந்து, வெள்ளிச் சாம்பலாகத் தெரிகிறது. இது மேலோட்டமான மாற்றம்தான். பைன் போன்ற மரங்களில் இப்படித் தேய்வது நூறு ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதாவது சாம்பல் நிறப் பலகை செத்த பலகை அல்ல. உண்மையான ஆபத்து தண்ணீர் தங்கும் இடத்தில் இருக்கிறது: புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியேறும் ஓரம், ஜன்னலின் கீழ்ச்சட்டம், மண்ணை ஒட்டிய அடிக்கட்டை. அங்கே ஈரம் ஊறி நிற்கும், பூஞ்சை மரத்தைத் தின்னும், சட்டம் இறங்கும், அதன் பிறகு சுவர் கோணும். இந்த வரிசை தெரிந்து வரைந்தவரின் படத்தில் சிதைவுக்குக் காரணம் இருக்கும். தெரியாதவர் படத்தில் விரிசல்கள் அலங்காரம் போல எல்லா இடத்திலும் சமமாகப் பரவிக் கிடக்கும். ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்.

1965-இல் வையத் அதே வீட்டை, ஆளே இல்லாமல், அருகில் இருந்து நிமிர்ந்து பார்ப்பது போல வரைந்தார். 'வெதர்சைட்' என்று பெயர். எனக்கு இரண்டில் இதுதான் சிறந்த படம். வெயிலும் மழையும் தேய்த்த பலகைகள் ஒரு முகத்தின் சுருக்கங்களுக்குக் கிடைக்கிற கவனத்தோடு வரையப்பட்டிருக்கின்றன. அதற்கு முன்பே, 1957-இல், 'ஹே லெட்ஜ்' என்று ஒரு படம்: கொட்டகையின் பரணில், காய்ந்த புல்லுக்கு நடுவே, ஆல்வரோவின் படகு. கடலில் இருக்க வேண்டியது வைக்கோல் பரணில் கிடக்கிறது. பண்ணை எப்படித் தேய்ந்தது, அதற்காக அந்த மனிதர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதெல்லாம் அந்த ஒரு படகில் இருக்கிறது. 1947-இல் வரைந்த 'விண்ட் ஃப்ரம் தி சீ' படத்தையும் தேடிப் பாருங்கள். மேல்மாடியில் நெடுநாள் திறக்காத ஜன்னல் ஒன்றை ஒரு புழுக்கமான நாளில் வையத் திறக்க, கடல்காற்று கந்தலாகிப்போன சரிகைத் திரையை உள்ளே தூக்கியது. அவசரமாகக் கோட்டோவியம் எடுத்தார். அதே காற்று மறுபடியும் வீச வாரக்கணக்கில் காத்திருந்தார். அந்தத் திரையில் பின்னப்பட்டிருக்கும் சிறு பறவைகள் கிழிசலுக்கு நடுவிலும் தெரிகின்றன. யாரோ ஆசையாகத் தேர்ந்தெடுத்துத் தொங்கவிட்ட திரை அது.

இங்கே உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன ஆண்டுகள், மாதிரியாக இருந்தவர், நிலத்தில் செய்த மாற்றங்கள் எல்லாம் நன்றாகப் பதிவானவை. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1948-லேயே 'கிறிஸ்டினாஸ் வேர்ல்ட்' படத்தை 1,800 டாலருக்கு வாங்கியதும் அப்படியே. ஆனால் கிறிஸ்டினாவுக்கு இளம்பிள்ளைவாதம் என்று பல இடங்களில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 2016-இல் நரம்பியல் மருத்துவர் ஒருவர் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளை வைத்துப் பார்த்து, அது சார்கோ-மாரி-டூத் என்ற பரம்பரை நரம்பு நோயாக இருக்கலாம் என்றார். மெல்ல மெல்ல, வருடக்கணக்கில் கூடிக்கொண்டு போன பலவீனம் அதற்குப் பொருந்துகிறது என்று வாதம். இறந்து பல பத்தாண்டுகள் ஆனவருக்குச் செய்த ஊகம்தான் அது, பரிசோதனை முடிவு இல்லை. மருத்துவம் என் துறையும் இல்லை. இன்னொன்று: 1945-இல் வையத்தின் தந்தை, புகழ்பெற்ற புத்தக ஓவியர் என். சி. வையத், ரயில்வே கிராசிங்கில் கார்மீது ரயில் மோதிப் பேரக்குழந்தையோடு இறந்துபோனார். அதற்குப் பிறகு மகனுடைய நிலக்காட்சிகள் இன்னும் வறண்டு, இறுகி, வெறுமையாயின என்று பலர் சொல்கிறார்கள். அந்த மரணம் தன் வேலையை மாற்றியது என்று வையத்தே பேசியிருக்கிறார். அதற்காக இந்தப் புல்மேடுதான் தந்தையின் கல்லறை என்றெல்லாம் அடித்துச் சொல்பவர்களோடு நான் போக மாட்டேன். ஒரு படத்துக்குள் ஒரே ஒரு துயரத்தை மட்டும் பூட்டி வைக்க முடியாது.

இனி உங்கள் கடினமான கேள்வி, வறுமையை அழகாக்குவது பற்றி. நீங்கள் முதல் ஆளாகக் கேட்கவில்லை. இங்கிலாந்தில் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சிதிலத்தை ரசிப்பது ஒரு மோகமாகவே இருந்தது. வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1792-இல் எழுதியதைப் பாருங்கள்: நேர்த்தியான மாளிகை படத்துக்கு உதவாது, உளியை வைத்துவிட்டு சம்மட்டியை எடுத்து, பாதியை இடித்துத் தள்ளினால்தான் அது படமாகும் என்றார். இந்தப் பார்வைக்குள் வீட்டில் இருப்பவர் வருவதே இல்லை. கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் 1856-இல் இதை நேருக்கு நேர் கேள்வி கேட்டார். ஓவியர்கள் கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்டும் டர்னரும் வரைந்த இரண்டு காற்றாலைப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஸ்டான்ஃபீல்டின் ஆலை கண்ணுக்கு இனிய இடிபாடு. டர்னரின் ஆலை மாவரைக்கிற ஆலை, அதை நம்பி ஒரு மனிதன் உழைக்கிறான் என்பது தெரிகிற ஆலை. முதல் வகையை இதயமற்றது என்றார் ரஸ்கின். பரிவு எங்கே இருக்கிறது என்பதுதான் அவர் வைத்த அளவுகோல். இன்றும் அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

அதே இங்கிலாந்தில் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், மதகில் இருந்து தண்ணீர் பாயும் ஓசை, இற்றுப்போன பழைய பலகைகள், பாசி வழுக்கும் கம்பங்கள், செங்கல் கட்டு, இவற்றையெல்லாம் நேசிக்கிறேன் என்கிறார். கில்பினும் இவரும் ஒரே மாதிரிப் பொருட்களைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் கான்ஸ்டபிள் ஆலைக்காரரின் மகன். எந்தப் பலகை எதற்காக அங்கே இருக்கிறது, இற்றால் யாருக்கு என்ன செலவு என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவு அவர் தூரிகையில் இருக்கிறது.

இந்த அளவுகோலை வையத்துக்கு வைத்தால்? என் பதில், பெரும்பாலும் அவர் தேறுகிறார், முழுக்க அல்ல. முப்பது வருடம் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தவர், கிறிஸ்டினாவை இரக்கத்துக்குரிய பொருளாக வரையவில்லை. அந்தப் பெண்ணின் முதுகில் இருக்கும் விறைப்பைப் பாருங்கள்: அவள் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள், யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அதே நேரம், 55 வயதுப் பெண்மணியின் உடலுக்குப் பதிலாக இளம் மனைவியின் உடலை வைத்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அது படத்தைப் பார்ப்பதற்கு எளிதாக்கிவிட்டது. 'வெதர்சைட்' சிறந்த படம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் அவர் எதையும் இளமையாக்கவில்லை.

ஆல்வரோ 1967 டிசம்பரில் இறந்தார். அவர் போய் ஒரு மாதம் தாண்டிச் சில நாட்களிலேயே, 1968 ஜனவரி இறுதியில் கிறிஸ்டினாவும் போனார். 1969-இல் மேல்மாடி ஜன்னலில் இருந்து கூரையையும் புகைபோக்கியையும் பார்த்து வையத் வரைந்த படத்துக்கு 'எண்ட் ஆஃப் ஆல்சன்ஸ்' என்று பெயர். 1991-இல் வீடு பக்கத்து ஊரான ராக்லண்டின் ஃபார்ன்ஸ்வர்த் கலை அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தது. 2011-இல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. இதில் எனக்கு நெடுநாள் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று: இப்போது அந்த வீட்டைப் படத்தில் இருந்த கோலத்துக்குப் பொருந்தும்படி பராமரிக்கிறார்கள். பழசாகத் தெரிய வேண்டும், ஆனால் விழவும் கூடாது. கையில் காசில்லாமல் வெளுத்த சுவர் இன்று காசு செலவழித்து வெளுத்தபடி வைக்கப்படுகிறது. தவறு என்று சொல்ல மாட்டேன். வையத் 2009-இல் இறந்தபோது அந்த வீட்டுக்குப் பக்கத்தில், ஆல்சன் குடும்பத்துக் கல்லறை நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் நீங்கள் அங்கே போனால் காண்பது பாதுகாக்கப்பட்ட சிதைவு. வையத் வரைந்தது தடுக்க ஆள் இல்லாத சிதைவு.

உங்கள் தாத்தா வீடு ஓட்டு வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் வண்ணத்தைத் தொடாதீர்கள். பென்சிலும் நோட்டும் போதும். தண்ணீர் எங்கே உள்ளே வந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் முகட்டு ஓடு நகர்ந்த இடம், அல்லது இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் பள்ளம். அங்கிருந்து கீழே வாருங்கள்: ரீப்பர் இற்றிருக்கும், கைமரம் தொய்ந்திருக்கும், அதற்கு நேர் கீழே சுவரில் சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிர்ந்திருக்கும், இன்னும் கீழே கறையான் புற்றுக் கோடு ஏறியிருக்கும். விரிசலில் அரசங்கன்று இருந்தால் அதன் வேர் எந்தச் செங்கலைத் தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். இதை வரைந்து முடித்த பிறகு, வீட்டில் யார் எதைக் கையாண்டார்கள் என்பதன் தடங்களைத் தேடுங்கள். திண்ணையில் உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பான இடம், கதவில் கை பட்டுப் பட்டுக் கறுத்த பகுதி, அரிவாள் செருகிய இடம், தாத்தாவே ஒட்டுப்போட்ட கதவுப் பலகை. பழுது பார்த்த தடங்களைக் கட்டாயம் வரையுங்கள். பழுது பார்த்திருக்கிறார்கள் என்றால் அந்த வீட்டை விட்டுவிட அவர்களுக்கு மனசு வரவில்லை என்று அர்த்தம். உங்களிடம் பேசக்கூடிய பெரியவர்கள் யாராவது இருந்தால், அத்தையோ சித்தப்பாவோ, எந்த மழையில் எந்த ஓடு போனது என்று கேட்டு நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஊடகத்துக்கு நீர்வண்ணம் போதும். வையத்தின் உலர்தூரிகை முறையை முயன்று பாருங்கள்: தூரிகையை வண்ணத்தில் தோய்த்து, ஈரத்தை விரலால் பிழிந்துவிட்டு, மயிர்கள் பிரிந்து நிற்கும்போது இழுத்தால் மர ரேகையும் செங்கல்லின் சொரசொரப்பும் நன்றாக வரும். ஆனால் அடியில் நல்ல ஈரமான பூச்சு ஒன்று முதலில் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் படம் சுரண்டியது போல இருக்கும். கறுப்பு வண்ணத்தை வாங்கவே வேண்டாம். எரித்த அம்பரையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்தால் வீட்டுக்குள் இருக்கும் இருட்டு சரியாகக் கிடைக்கும். டெம்பராவை இதற்கெல்லாம் கை பழகிய பிறகு பார்க்கலாம். மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு தடவை போய் நோட்டில் எடுத்துவிடுங்கள், கூரைப் பள்ளத்தில் இருந்து ஆரம்பித்து. மழை முடிந்த பிறகு இன்னொரு தடவை போனால் எது நகர்ந்திருக்கிறது என்று தெரியும், அப்புறம் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்து வரைவது என்பதை முடிவு செய்யலாம்.